வடிகட்டி யாத்திரை

தமிழில் ஒரு விசித்திரம் உண்டு. ஒருவனை வெறுமே முட்டாள் என்று சொன்னால், அநேகமாக அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். "வடிகட்டின முட்டாள்" என்று சொல்லிவிட்டாலோ சண்டைக்கு வந்துவிடுவான். வடிகட்டினால் எதுவும் சுத்தமாகும் என்று கண்ட நம் முன்னோர்கள், முட்டாள்தனத்தையும் ஒரு முறை வடிகட்டிப் பார்த்திருக்க வேண்டும். கசடும் கலப்பும் மேலே தங்கிவிட, முதல் தரமான முட்டாள்தனம் கீழே இறங்கியிருக்கும்!

நாம் அந்த முதல் தரத்தைச் சேர்ந்தவர் என்பது, இரண்டு வருஷங்களுக்கு முன்னால், ஆம்பூருக்கு அப்பால், பெங்களூர் ரஸ்தாவின் ஓரத்தில், விடியற்காலை மூன்று மணிக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ருசுவாயிற்று. ருசுப்படுத்தியதும் ஒரு வடிகட்டிதான்.

நம்மிடம் ஒரு மோட்டார் ஸைக்கிள் இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 2018-ஆம் வருஷத்தில் வெளியிட்ட இன்டர்செப்டர் 650 என்னும் ரகம். இரட்டை ஸிலிண்டர், 648 கன சென்டிமீட்டர். அதில் ஏறித் தூர தேசம் போய் வருவது நமக்குள்ள பலவீனங்களில் ஒன்று. திருப்பத்தூரில் நம் மைத்துனர் புது வீடு கட்டிக் கிருகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தார். "பேசாமல் ரயிலில் போகலாமே" என்றாள் சகதர்மிணி. "ரயிலில் போனால் ரயில் போகிற வழியைத்தானே பார்க்கலாம்?" என்று நாம் சாமர்த்தியமாகப் பதில் சொன்னோம்.

புறப்படுமுன் என்ஜின் எண்ணெயையும், அதை வடிகட்டும் ஆயில் பில்டரையும் மாற்றினோம். அந்தப் பில்டர் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது. எந்தக் கடை, எந்தப் பேட்டை என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பெட்டி அசலைப் போலவே இருந்தது. உள்ளேயிருந்த டப்பாவும் அசலைப் போலவே கறுப்பாகப் பளபளத்தது. பாதி விலை மிச்சம் என்று பூரித்துப் போய் வீட்டுக்கு வந்தோம்.

ஆம்பூரைத் தாண்டியதும் என்ஜினுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பது போன்ற சப்தம் கேட்டது. வண்டியை நிறுத்தினோம். பிறகு அது கிளம்பவில்லை. பின்னால் அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். டப்பாவுக்குள் இருந்த காகிதம் ஒட்டு விட்டுக் கிழிந்துபோய், அதன் துணுக்குகள் எண்ணெய் ஓடும் துவாரத்தை அடைத்துவிட்டன. எண்ணெய் கிடைக்காத இடங்களில் இரும்பு இரும்போடு உரசித் தேய்ந்துவிட்டது.

வண்டி லாரியில் ஏறிச் சென்னைக்குத் திரும்பியது. நாங்கள் இருவரும் ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு திருப்பத்தூர் போய்ச் சேர்ந்தபோது, முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, வாசலில் வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரஸ்தாவின் ஓரத்தில் பையின் மேல் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் சரி, அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷமும் சரி, சகதர்மிணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எவ்வளவோ தேவலை என்று நமக்குத் தோன்றிற்று.

இப்போது அதே மைத்துனருடைய பெண் குழந்தைக்கு ஆண்டு நிறைவு வந்தது. "இந்தத் தடவையும் மோட்டார் ஸைக்கிளில் போய், அப்படியே ஏலகிரி, பெங்களூர், சிருங்கேரி பார்த்துவிட்டு வரலாமா?" என்று பயந்துகொண்டே கேட்டோம்.

"வருகிறேன். ஆனால் அந்த வடிகட்டியை வாங்கும்போது நானும் கூட இருப்பேன். ஒரு காப்பி பில்டர் வாங்குவதற்கு எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்? துவாரம் பெரிசா, தட்டு பொருந்துகிறதா என்று எத்தனை தரம் பார்க்கிறோம்? உயிரை வைத்து ஏறுகிற வண்டிக்கு அவ்வளவு கூட வேண்டாமா?" என்றாள் அவள்.

நியாயமான நிபந்தனை. எனவே, ஒரு சனிக்கிழமை காலையில் இருவருமாகச் சென்னைக்கு மேற்கே வடிகட்டி வாங்கப் புறப்பட்டோம்.

இரும்பு பாடும் பாடி

மேற்கே போகிறவர்களுக்கு முதலில் வருவது பாடி. இதற்குத் திருவலிதாயம் என்று பழைய பெயர். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற ஸ்தலம். வியாழக்கிழமைகளில் குரு பகவானைத் தரிசிக்க வரும் கூட்டம் ரஸ்தா வரையில் நிற்கும்.

கோவிலைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் 1960-க்குப் பிறகு வேறு விதமான ஆலயங்கள் எழும்பின. டி.வி.எஸ். குடும்பத்தாரின் முயற்சியால் சக்கரம் செய்வதற்கு வீல்ஸ் இந்தியா, மோட்டாருக்கு வேண்டிய மின்சாரச் சாமான்கள் செய்வதற்கு லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக் செய்வதற்குப் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று நாலைந்து வருஷங்களுக்குள் வரிசையாக வந்தன. அதற்கு முன்னால், ஒரு மோட்டாருக்கு ஒரு சிறு உறுப்புக் கெட்டுப் போனாலும், அது சீமையிலிருந்து கப்பல் ஏறி வரும் வரையில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திப் பூப்போட்டுக் கும்பிட வேண்டியதுதான். "சீமைச் சரக்கு" என்றாலே உயர்ந்த சரக்கு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த அர்த்தத்தைப் பாடி மாற்றிக் காட்டிற்று. சாமான்களின் தரத்தைப் பேணுவதற்காக ஜப்பானியர்கள் அளிக்கும் டெமிங் பரிசை 1998-ஆம் வருஷத்தில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பகுதி பெற்றது. அதற்கு முன் எந்த இந்தியக் கம்பெனிக்கும் அது கிடைத்ததில்லை. கோபுரம் தெரிகிற தூரத்தில் வேலை செய்த நம் ஊர்த் தொழிலாளர்கள் பெற்ற பரிசு அல்லவா? நமக்கு மார்பு சற்று விரியத்தான் செய்தது.

இந்தப் பக்கத்துப் பஸ்களில் ஏறினால் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். கண்டக்டர் "லூகாஸ் இறங்கு! பிரிட்டானியா! டன்லப்!" என்று கூவிக்கொண்டே வருவார். மற்ற ஊர்களில் பஸ் நிற்கும் இடங்களுக்குப் பிள்ளையார் கோவில், அரச மரம், மணிக்கூண்டு என்று பெயர் இருக்கும். இங்கே தொழிற்சாலைகளின் பெயரே இடத்தின் பெயராகிவிட்டது. 1959-இல் டயர் செய்யத் தொடங்கிய டன்லப் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. ஆனால் "டன்லப்" என்ற நிறுத்தத்தில் ஜனங்கள் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மேஸ்திரியின் பட்டறை

அம்பத்தூர் என்பது ஐம்பத்தொன்றாம் ஊர் என்பதன் மரூஉ என்று சொல்வார்கள். நூற்றெட்டுச் சக்தி ஸ்தலங்களில் இது ஐம்பத்தொன்றாவது என்பது ஐதிகம். சுதந்திரம் வந்த இரண்டாவது வருஷத்தில், அதாவது 1949-இல், டி.ஐ. ஸைக்கிள்ஸ் கம்பெனி ஆரம்பமாயிற்று. 1951-இல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் ஸைக்கிள் வெளிவந்தது. பிறகு 1964-இல், ஆர். வெங்கட்ராமன் தொழில் மந்திரியாக இருந்தபோது, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தொழிற்பேட்டை எழுந்தது. பெரிய முதலாளிகளைப் போலவே, ஒரு லேத்தும் இரண்டு கைகளும் மூலதனமாக உள்ளவர்களும் அங்கே இடம் பெற்றார்கள்.

அந்தச் சின்னப் பட்டறைகள் உள்ள சந்துகளில் நடப்பது ஒரு தனி அநுபவம். ஒரு வாசலில் இரும்புத் தகட்டை அழுத்தும் யந்திரம் "டொம், டொம்" என்கிறது. அடுத்த வாசலில் வெல்டிங் நெருப்பு மத்தாப்பூவாகச் சிதறுகிறது. காலடியில் சுருள் சுருளாக இரும்புச் சீவல். காற்றில் எண்ணெய் வாசனை. சகதர்மிணி புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நமக்கு முன்னால் நடந்தாள்.

நாம் தேடிப் போனது ஒரு வயதான மேஸ்திரியை. பாடியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மோட்டார் ஸைக்கிள் ரிப்பேர் பார்க்கிறார். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து இரண்டு கறுப்பு டப்பாக்களை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதில் எது நல்லது, சொல்லுங்கள் சார்."

இரண்டும் இரட்டைக் குழந்தைகளைப் போல இருந்தன. நாம் ஒன்றைத் தொட்டோம். சகதர்மிணி மற்றொன்றைத் தொட்டாள்.

"வெளியே பார்த்தால் எனக்கே தெரியாது. மேலே பூசுகிற பெயிண்டுக்கு எவன் வேண்டுமானாலும் காசு போடுவான்" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரி வாளை எடுத்து இரண்டு டப்பாக்களையும் விளிம்போடு அறுத்தார். குடலை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நாம் தொட்டது போலி!

டப்பாவின் உள்ளே இருப்பது காகிதந்தான். ஆனால் சாதாரணக் காகிதம் அல்ல. பிசின் ஏற்றிப் பதப்படுத்திய காகிதம். அதை மடித்து மடித்துக் கொசுவி வளையமாக நிறுத்தியிருக்கிறது. ஓரத்துத் துவாரங்கள் வழியாக உள்ளே வரும் எண்ணெய், காகிதத்தைக் கடந்து, நடுத் துவாரத்தின் வழியாக என்ஜினுக்குப் போகிறது. மடிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பரப்பு அதிகம். அழுக்கைத் தாங்கும் சக்தியும் அதிகம்.

"இது நன்றாய்க் கொசுவின புடைவை, இது அவசரத்தில் சுற்றினது" என்றாள் சகதர்மிணி.

"அதேதான் அம்மா!" என்று மேஸ்திரி குதூகலித்தார். நல்லதில் மடிப்புகள் நெருக்கமாகவும் ஒரே அளவாகவும் இருந்தன. இரண்டு முனைகளும் தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தன. போலியில் மடிப்பு பாதிதான். ஓரிடத்தில் பசை விட்டு நகம் நுழையும்படி சந்து இருந்தது. "காகிதம் எவ்வளவு நல்லதாயிருந்தும் பிரயோசனமில்லை. இந்தச் சந்து போதும். திருடன் வாசல் வழியாகவா வருவான்?" என்றார் அவர்.

"அவ்வளவு சின்ன அழுக்கு என்ன செய்துவிடும்?" என்று நாம் கேட்டோம்.

"உங்கள் தலைமயிர் ஒன்று சுமார் எழுபது மைக்ரான் பருமன் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடுகிற என்ஜினில் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம், சில இடங்களில் நாலைந்து மைக்ரான்கூட இராது. கண்ணுக்குத் தெரியாத தூள் அதற்குப் பாறாங்கல். அதுவும் மோட்டார் ஸைக்கிளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். கிளட்சு தேய்ந்த தூளும், கியர் தேய்ந்த தூளும் எல்லாம் இதன் தலையில்தான் வந்து விழும்."

பிறகு அவர் ஒரு ரப்பர் வட்டத்தை எடுத்துக் காட்டினார். என்ஜின் நின்றதும் எண்ணெய் திரும்பி வடிந்து போகாமல் தடுக்கும் கதவு அது. அது கெட்டியாய்ப் போயிருந்தால், காலையில் வண்டியைக் கிளப்பியதும் எண்ணெய் வந்து சேரும் வரையில் என்ஜின் வறட்டுத் தொண்டையோடு ஓடும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன வில்லும் மூடியும் இருந்தன.

"காகிதம் அடைத்துக்கொண்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டியாயிருந்தாலோ, இந்த மூடி திறந்து வடிகட்டாத எண்ணெயையே அனுப்பிவிடும். அழுக்கு எண்ணெய் கெடுதல்தான். எண்ணெயே இல்லாமற் போனால் அதைவிடக் கெடுதல் இல்லையா?"

"ஆபத்துக்குப் பாவமில்லை என்கிற மாதிரி" என்றாள் சகதர்மிணி.

"ஆமாம் அம்மா. ஆனால் இந்த வில் பலவீனமாயிருந்தால் எப்போதுமே ஆபத்து என்று நினைத்துக்கொண்டு எப்போதுமே திறந்திருக்கும். இப்படித் திறந்துகொள்ளும் மூடியே இல்லாவிட்டால் அழுத்தம் தாங்காமல் காகிதம் கிழியும்." இதைச் சொன்னபோது அவர் நம் முகத்தைப் பார்த்தார். நாம் மேஜையைப் பார்த்தோம்.

இதே திருகுள்ள கார் பில்டரை மாட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டாம். மேஸ்திரி கல்யாணப் பொருத்தத்தை உதாரணமாகச் சொன்னார். திருகு பொருந்துவது ஒரு பொருத்தம். ரப்பர் வளையத்தின் அளவு ஒன்று. மூடி திறக்கும் அழுத்தம் ஒன்று. எண்ணெய் பாயும் அளவு ஒன்று. ஒரு பொருத்தத்தை மட்டும் பார்த்து முகூர்த்தம் வைத்தால் பிறகு கோர்ட்டு வாசல்தான். கழுவிக் கழுவி மாட்டுகிற எஃகு வலைப் பில்டரைப் பற்றியும் கேட்டோம். "வலையின் கண் பொதுவாகக் காகிதத்தைவிடப் பெரிசு. கழுவுகிறவன் கையைப் பொறுத்தது மற்றதெல்லாம்" என்று முடித்துவிட்டார்.

அந்தக் காலத்துக் கதையும் சொன்னார். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டுத் திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. அவற்றில் கம்பளி போன்ற ஃபெல்ட் துணிதான் வடிகட்டி. அதைப் பெட்ரோலில் அலசித் திரும்பவும் மாட்டிக்கொள்வார்கள். அதற்கும் முன்னால், உலகத்தில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, கம்பி வலையைத் தவிர வேறு வடிகட்டி கிடையாது. அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட் என்பவர் 1920-களின் தொடக்கத்தில் எண்ணெய் வடிகட்டி ஒன்றைக் கண்டுபிடித்து உரிமை பெற்றார். திருகிக் கழற்றி எறிகிற இந்த டப்பா ரகம் 1950-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

"போலி எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம். "எல்லாம் நம் தேசத்திலும் செய்கிறார்கள்" என்றார் மேஸ்திரி. அதாவது, போலியும் சுதேசிச் சரக்குதான்! சீமைச் சரக்கோடு போட்டியிட்டு ஜயித்துவிட்டோம் என்று பாடியில் விரிந்த மார்பு இங்கே சற்றுச் சுருங்கிற்று. முப்பது வருஷம் ஒரு ஃபிட்டர் ஒரு மைக்ரான் தவறாமல் செய்து சம்பாதித்த பெயரை, ஒருவன் ஒரு பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு நாளில் திருடிவிடுகிறான். அவனிடம் பாதி விலைக்கு வாங்கியவர்கள் யார்? நாம்தானே?

நெய்யரி

பட்டறையை விட்டு வெளியே வந்தபோது நன்னூல் ஞாபகம் வந்தது. பவணந்தி முனிவர் மாணாக்கர்களைத் தரம் பிரிக்கும்போது, கடை மாணாக்கனுக்கு நெய்யரியை உவமையாகச் சொல்கிறார். நெய்யரி என்பது நெய்யை அரிக்கும் பன்னாடை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசண்டைத் தான் வைத்துக்கொள்ளும். இன்றும் யாரையாவது வைய வேண்டுமானால் "பன்னாடை!" என்கிறோம்.

பாவம், பன்னாடை! மாணாக்கனுக்கு எது தோஷமோ அதுவே வடிகட்டிக்குத் தர்மம். நல்லதையெல்லாம் பிறருக்கு விட்டுவிட்டு, கசடைத் தான் சுமந்துகொண்டு, ஒரு நாள் குப்பைக்குப் போகிறது. வகுப்பில் கடை மாணாக்கனாகத் தோற்றாலும் என்ஜினில் அதுதான் முதல் மாணாக்கன்.

"பழைய எண்ணெயை என்ன செய்வீர்கள்?" என்று புறப்படும்போது மேஸ்திரி கேட்டார். போன தடவை சாக்கடையில் ஊற்றினோம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கேனில் பிடித்துக் கொண்டுவந்து கொடுங்கள். பழைய பில்டரையும் ஒரு நாள் கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள். சுத்தம் செய்கிற லைசென்ஸ்காரர்களுக்கு டிரம்மோடு கொடுத்துவிடுவேன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது இந்தப் பக்கத்து ஏரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டேரிக்கும் தண்ணீர் போகும்படி முன்னோர்கள் வழி வைத்திருந்தார்கள். ஓர் ஏரியில் மண் படிந்து, அடுத்த ஏரிக்குத் தெளிந்த தண்ணீர் போகும். அதுவும் ஒரு வடிகட்டிதான். ஆனால் சாக்கடையும் பட்டறைக் கழிவும் எண்ணெயும் சேர்ந்து வந்தால் ஏரி என்ன செய்யும்? அடைத்துக்கொண்ட பில்டரைப் போல, வந்ததை வந்தபடியே அடுத்த ஏரிக்கு அனுப்புகிறது. கொரட்டூர் ஏரியைக் காப்பாற்ற அந்த ஊர் ஜனங்கள் கோர்ட்டு வரை போக நேர்ந்தது.

ஆவடி

வழியில் திருமுல்லைவாயில். தொண்டைமான் ஏறிவந்த யானையின் காலில் முல்லைக் கொடி சுற்றிக்கொள்ள, அதை அவன் வாளால் வெட்ட, உள்ளேயிருந்த சிவலிங்கத்தில் ரத்தம் பெருகிய ஸ்தலம். கர்ப்பக்கிருகத்தின் முன் இருக்கும் எருக்கந் தூண்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆவடிக்குப் போனோம்.

ஆவடி என்பது கவச வண்டிகளைக் குறிக்கும் இங்கிலீஷ் வார்த்தைகளின் முதலெழுத்துக்களால் ஆன பெயர் என்று படித்தவர்கள்கூடச் சத்தியம் செய்வார்கள். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே ஏற்பட்டது 1961-இல். காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது 1955 ஜனவரியில். அப்போதே அதற்கு ஆவடி காங்கிரஸ் என்றுதான் பெயர். பிள்ளை பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் பிள்ளையின் பெயரைத் தகப்பனுக்கு வைத்திருப்பார்களா?

1965-இல் இங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். பாலைவனத்துப் புழுதியில் ஓட வேண்டிய அந்த வாகனங்களிலும் காற்றுக்கு ஒரு வடிகட்டி, எண்ணெய்க்கு ஒரு வடிகட்டி உண்டு. எத்தனை டன் கவசம் போட்டாலும், உள்ளே காகிதம் ஒழுங்காக இல்லாவிட்டால் டாங்கியும் ஆம்பூர் ரஸ்தா ஓரத்தில் உட்கார வேண்டியதுதான்.

ஆவடியில் நம் வண்டிக்கு ஏற்ற பில்டர் கம்பெனி ஏஜென்ஸியில் இல்லை. "நாளை மறுநாள் வரும், பூந்தமல்லியில் பாருங்கள்" என்றார்கள். பருத்திப்பட்டு ஏரிக் கரையில் இளநீர் சாப்பிட்டு, கூவம் நதியைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். இங்கே கூவத்தைப் பார்க்கிறவர்களுக்கு, பட்டணத்தில் ஓடுவதும் இதே நதிதானா என்று சந்தேகம் வரும்.

பூவிருந்தவல்லி

பூந்தமல்லி என்று வாய் சொன்னாலும், பூவிருந்தவல்லி என்பதுதான் அழகான பெயர். காஞ்சி வரதருக்கு ஆலவட்டக் கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர். இங்கே நந்தவனம் வைத்து, பூக் கட்டி, காஞ்சீபுரம் வரை நடந்தே எடுத்துப் போவாராம். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்! பெங்களூர் ரஸ்தாவில் முதல் நெடும் பிரயாணி அவராகத்தான் இருக்க வேண்டும். இன்று அந்த ரஸ்தாவின் தலைக்கு மேலே மெட்ரோ ரயிலின் பாலம் போகிறது. கீழே லாரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன.

ஏஜென்ஸியைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு சிறு கடைக்காரர் கூப்பிட்டார். நாம் கேட்ட அதே பில்டர், அதே பெட்டி, விலை மட்டும் பாதி. "ஒரே சரக்குதான் சார். பில் கிடையாது, அவ்வளவுதான்."

நேயர்களிடம் மறைப்பானேன்? கை ஒரு கணம் பையை நோக்கிப் போயிற்று. சிருங்கேரி வரை போவதானால் உபரியாக ஒன்று எடுத்துப் போக வேண்டும். ஆகவே இரண்டு வாங்க வேண்டும். இரண்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டது. சகதர்மிணி டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், "இதை அறுத்துப் பார்க்கலாமா அண்ணா? நல்லதாயிருந்தால் இரண்டு டப்பாவுக்குப் பணம் கொடுக்கிறோம்" என்றாள்.

கடைக்காரர் டப்பாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

ஏஜென்ஸியில் முழு விலைக்கு இரண்டு பில்டர் வாங்கினோம். எண்ணெய் வடிக்கும் திருகுக்குப் புதிய வாஷரும் வாங்கினோம். ரசீதை அவளே மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த டப்பாக்களையும் நாம் அறுத்துப் பார்க்க முடியாதுதான். மாட்டப் போகிற வடிகட்டியை எவனும் அறுத்துப் பார்த்து வாங்க முடியாது. உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பு என்று ஒருவன் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுக்கிறானா என்பதைத்தான் பார்க்க முடியும். மற்ற பாதி விலை அதற்குத்தான்.

மறுபடியும் ஆம்பூர்

மாட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறோம், யாருக்காவது பயன்படலாம். என்ஜின் சற்றுச் சூடாக இருக்கும்போது பழைய எண்ணெயை வடித்தோம். பழைய பில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் என்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று பார்த்தோம். அதன் மேலேயே புதியதை மாட்டினால் எண்ணெய் பீறிட்டு வெளியே வரும். புதிய வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே திருகினோம். ஸ்பானரால் முறுக்கவில்லை. என்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, கசிவு இல்லை என்று கண்டு, எண்ணெய் அளவைத் திரும்பச் சரிபார்த்தோம். பழைய எண்ணெய் கேனோடு அம்பத்தூருக்குப் போயிற்று.

புறப்பட்ட அன்று, பூவிருந்தவல்லியைத் தாண்டும்போது இன்னும் இருட்டு. வேலூரில் கிழக்கு வெளுத்தது. ஆம்பூர் கடந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

"இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும், அணைக்க வேண்டாம்."

அதே இடம். ரஸ்தாவின் ஓரத்தில் நிறுத்தினோம். அவள் இறங்கி, தலையைச் சாய்த்து, குழந்தையின் மூச்சைக் கேட்கிறவளைப் போல என்ஜின் சப்தத்தைச் சிறிது நேரம் கேட்டாள். அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"அன்றைக்கு நல்ல நிலா இருந்தது. நீங்கள் கவனித்தீர்களோ, என்னவோ?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த ராத்திரியைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது. காப்பியில் டிகாக்ஷன் நன்றாக இறங்கியிருந்தது. குழந்தைக்கு ஆரத்தி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே திருப்பத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டோம்.